வியன்னாவில் செய்த பதக்கங்களும் மலாயாத் தமிழரின் போர்க்காலமும்

இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மானியப் பதக்கங்களுக்கு இன்று உலகளாவிய சந்தை இருக்கிறது. அங்கே கைமாறும் பொருள்களுள் இந்தியப் பெயர் தாங்கிய வரிசை ஒன்றும் உண்டு: ஷேர்-இ-ஹிந்த், சர்தார்-இ-ஜங், வீர்-இ-ஹிந்த், ஷஹீத்-இ-பாரத். சுபாஷ் சந்திர போஸ் ஜெர்மனியில் இருந்தபோது 1942இல் ஏற்படுத்திய ஆசாத் ஹிந்த் விருதுகள் இவை. இவற்றை உலோகத்தில் செய்து கொடுத்தது வியன்னா நகரின் ருடால்ஃப் சூவால் தொழிலகம். ஜெர்மானியப் படைகளுக்கான பதக்கங்களையும் செய்த இடம் அது. பிற நாட்டுச் சேகரிப்பாளர்களுக்கு இவை ஓர் அரிய வகை, அவ்வளவே. மலேசியத் தமிழரின் நிலை வேறு. கிள்ளான், கோல லங்காட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களைப் பற்றிய பேச்சு இன்னும் குடும்பங்களில் இருக்கிறது. அந்த நினைவுக்குக் கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள் வேண்டுமென்ற ஏக்கம் இயல்பானது. ‘நேதாஜி படைப் பதக்கம்’ என்று ஒன்று விலைக்கு வந்தால் அந்த ஏக்கம் அதை நம்பிவிடும். அந்த நம்பிக்கை சரியானதா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பதக்கம் தன்னளவில் எவருடைய சேவைக்கும் சாட்சியாகாது. பொருளும், அதை வழங்கிய ஆவணமும், அது கைமாறி வந்த வழியும் ஒன்றோடொன்று பொருந்தும்போதுதான் அது பேசத் தொடங்குகிறது. மலாயாத் தமிழரைப் பொறுத்தவரை இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டால், தவறான பொருளைப் போற்றி, சரியான ஆட்களை இழந்துவிடுவோம்.

முதலில் பொருளைப் பார்ப்போம். ஜெர்மானியப் பதக்கங்களை அடையாளம் காணும் கலை வெகுவாக வளர்ந்திருக்கிறது. 1939 செப்டம்பர் 1 அன்று மீண்டும் நிறுவப்பட்ட இரும்புச் சிலுவையை எடுத்துக்கொள்வோம். கறுப்பு வண்ணம் பூசிய இரும்பு நடுப்பகுதியை வெள்ளிநிறச் சட்டகத்தின் இரு பாதிகளுக்கு இடையே வைத்துப் பற்றவைப்பது அதன் வழக்கமான செய்முறை. அதனால் காந்தத்தை அருகே கொண்டுபோனால் பெரும்பாலும் ஒட்டும். ஒரே துண்டாக வார்த்த போலி, விளிம்பில் பற்றவைத்த தடமின்றி மழுமழுவென்று இருக்கும். முன்புறக் கீழ்க்கையில் 1939 என்றும் பின்புறத்தில் 1813 என்றும் ஆண்டுகள் இருக்கும். நாடா கோக்கும் வளையத்தில் செய்தவரின் எண் சிலவற்றில் பொறிக்கப்பட்டிருக்கும். போர் நீள நீள உலோகம் அருகியதால், வெண்கலத்திலும் நிக்கல் கலவையிலும் தொடங்கிய பல பதக்கங்கள் துத்தநாகத்துக்கு இறங்கின. ஆகவே எடையும் நிறமும்கூடக் காலத்தைச் சொல்லும். நெடுநாள் பணிக்கென 1936இல் ஏற்படுத்திய வேர்மாக்ட் (ஜெர்மானிய ஆயுதப் படை) சேவைப் பதக்கங்கள் 4, 12, 18, 25 ஆண்டுகள் என்று படிநிலை கொண்டவை. கிழக்குப் போர்முனையின் முதல் குளிர்காலத்துக்காக 1942இல் வந்த பதக்கமும் அதன் நாடா நிறத்தைக் கண்டே அடையாளம் சொல்லிவிடக்கூடியது. 1957இல் மேற்கு ஜெர்மனி இயற்றிய சட்டம், ஸ்வஸ்திகா நீக்கிய வடிவில் இவற்றை அணிய அனுமதித்தது. ஸ்வஸ்திகா இருக்க வேண்டிய இடத்தில் வேறு சின்னம் இருந்தால் அது போருக்குப் பிந்தைய மாற்றுப் பதிப்பு. இவ்வளவும் பயனுள்ள அறிவு. பொருள் எப்போது, எப்படி, எங்கே உருவானது என்ற கேள்விக்கு இவை விடை தரும்.

யார் அணிந்தார் என்ற கேள்விக்கு இவற்றில் விடை கிடையாது. ஜெர்மானியப் பதக்கங்களில் பெறுபவரின் பெயரைப் பொறிக்கும் வழக்கம் பொதுவாக இல்லை. பெயரும் படைப்பிரிவும் நாளும் இருந்தது வழங்கல் சான்றிதழிலும், ‘சோல்ட்பூக்’ என்ற சம்பளப் புத்தகத்திலும்தான். பிரித்தானிய இந்தியப் படையின் முறை வேறு: முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் உண்டு, இரண்டாம் போரில் பிரித்தானியத் துருப்புகளுக்கு வெறும் உலோகமாகப் போன நட்சத்திரப் பதக்கங்கள்கூட, இந்தியப் படையினர் பலருக்குப் பெயர் பொறித்தே தரப்பட்டன. கோலாலம்பூரில் ஓய்வுபெற்ற ஒரு சிப்பாயின் பர்மா நட்சத்திரம் அவருடைய பெயரோடு கிடைத்தால், குடும்பத்தார் ஆவணக் காப்பகத்தில் தொடங்க ஒரு நுனி கிடைத்துவிடுகிறது. ஆசாத் ஹிந்த் விருது கிடைத்தால் கையில் இருப்பது அழகிய உலோகம் மட்டுமே. இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூவால் தொழிலகம் போருக்குப் பின்னும் மூடப்படவில்லை; பழைய அச்சுகளைக் கொண்டு சேகரிப்பாளர்களுக்காக மறுபதிப்புகள் செய்தது என்பது இத்துறையில் நன்கு அறிந்த செய்தி. அதே தொழிலகம், அதே அச்சு, அதே கைத்திறன். அப்படியிருக்க, 1943இல் செய்ததையும் பின்னாளில் செய்ததையும் பிரிப்பதற்கு உலோகக் கலவையையும் முலாமையும் நுணுகிப் பார்க்கும் தேர்ச்சி வேண்டும்; அதன் பிறகும் கிடைப்பது ஒரு காலக் கணிப்புத்தான்.

இனி வரலாற்றுக்கு வருவோம். ‘நேதாஜி படை’ என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது இரண்டு வெவ்வேறு படைகளை. வட ஆப்பிரிக்காவில் ரோமலின் படைகளிடம் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளிலிருந்தும், ஐரோப்பாவில் இருந்த சில இந்திய மாணவர்களிலிருந்தும் திரட்டப்பட்டது ஜெர்மனியின் இந்திய லீஜன். அது ஜெர்மானியத் தரைப்படையின் 950ஆம் காலாட்படைப் பிரிவாக இயங்கியது. ஏறத்தாழ 3,000 பேரைக் கொண்டிருந்தது. நெதர்லாந்துக் கடற்கரையிலும், பிறகு பிரான்சின் அட்லாண்டிக் கரையிலும் காவல் இருந்தது. 1944 ஆகஸ்டில் வாஃபன் எஸ்.எஸ். அமைப்பின்கீழ் கொண்டுவரப்பட்டது. மற்றொன்று, ஜப்பானியரிடம் சிங்கப்பூர் வீழ்ந்தபின் மோகன் சிங் தொடங்கி, 1943 ஜூலையில் போஸ் பொறுப்பேற்ற இந்திய தேசிய இராணுவம். முன்னதில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் பயிற்சி பெற்ற சிப்பாய்கள். பின்னதில், போஸ் வந்த பிறகு, அதுவரை துப்பாக்கியைத் தொட்டிராத தோட்டத் தொழிலாளர்கள் பெருந்தொகையில் சேர்ந்தார்கள். அவர்களில் மிகுதியானோர் தமிழர். லீஜன் வீரர்கள் எடுத்த உறுதிமொழியில் போஸின் பெயரோடு, கீழ்ப்படிய வேண்டிய தலைவராக ஹிட்லரின் பெயரும் இருந்தது. மலாயாவில் பால்மரம் வெட்டிய ஒருவர் பெண்களுக்கான ஜான்சி ராணிப் படையிலோ காலாட்படையிலோ சேர்ந்தபோது அப்படியொரு உறுதிமொழியை எடுக்கவில்லை. சேகரிப்பாளர்களின் விவாதத்தில் இந்த வேறுபாடு போதிய கவனம் பெறுவதில்லை என்பது என் கருத்து. வியன்னாப் பதக்கத்தை ஒரு தோட்டத் தொழிலாளியின் படத்துக்கு அருகில் மாட்டும்போது, அவர் ஒருநாளும் எடுக்காத சத்தியத்தின் நிழலையும் சேர்த்து அவர்மேல் விழச் செய்கிறோம். அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டே இதைச் செய்கிறோம் என்பதுதான் வருத்தமானது.

இதற்கு உடனே எழும் மறுப்பு நியாயமானதே. ஆசாத் ஹிந்த் விருதுகள் ஐரோப்பாவோடு நின்றுவிடவில்லை. 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூரில் அறிவிக்கப்பட்ட போஸின் தற்காலிக அரசும் அவற்றை வழங்கியது. மணிப்பூரின் மொய்ராங்கில் 1944 ஏப்ரல் 14 அன்று கொடியேற்றிய ஷௌகத் அலி மாலிக் சர்தார்-இ-ஜங் பெற்றவர். அப்படியானால் கிழக்கில் போரிட்ட ஒருவரிடம் அந்தப் பதக்கம் இருப்பதில் என்ன தடை? தடை இல்லைதான். ஆனால் விருது அறிவிக்கப்படுவது ஒன்று, அதன் உலோக வடிவம் கைக்கு வருவது வேறொன்று. முன்னதற்குச் சான்று அரசாணையும் படைக் கட்டளையும். பின்னதற்கு அந்தப் பொருள் வியன்னாவிலிருந்து வந்து சேர்ந்த வழி தெரிய வேண்டும். 1943இல் ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் இடையே சாதாரணக் கடல்வழி எதுவும் அச்சு நாடுகளுக்குத் திறந்திருக்கவில்லை. போஸே 1943 பிப்ரவரியில் கீல் துறைமுகத்திலிருந்து யு-180 நீர்மூழ்கியில் ஆபித் ஹசனோடு கிளம்பி, ஏப்ரல் இறுதியில் மடகாஸ்கருக்கு அப்பால் நடுக்கடலில் ஜப்பானிய ஐ-29 நீர்மூழ்கிக்கு மாறி, மே மாதம் சுமத்ராவின் சபாங்கில் கரையேறினார். ஒரு தலைவரைக் கொண்டுவரவே இவ்வளவு பாடுபட வேண்டியிருந்த பாதையில், பதக்கப் பெட்டிகள் தாராளமாக வந்துகொண்டிருந்தன என்று கருதச் சான்று வேண்டும்.

பினாங்கை முன்னிறுத்தி இதே மறுப்பை இன்னும் வலுவாகச் சொல்லலாம். 1943 முதல் ஜெர்மானியக் கடற்படையின் ‘மொன்சூன்’ குழு நீர்மூழ்கிகள் பினாங்கைத் தளமாகக் கொண்டிருந்தன; வில்ஹெல்ம் டொம்மெஸ் அங்கே தலைமை வகித்தார். ஜெர்மானிய மாலுமிகள் மலாயா மண்ணில் நடமாடினார்கள். இரும்புச் சிலுவையும் நீர்மூழ்கிச் சின்னமும் அணிந்தவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். ஆகவே மலேசியாவில் ஒரு ஜெர்மானியப் பதக்கம் கிடைத்தால் அது அண்மையில் இறக்குமதியான பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று சொல்ல முடியாது. இதை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். முதல் உலகப் போரிலும் இதுபோன்ற தொடர்பு உண்டு: ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் 1914 அக்டோபர் 28 அன்று பினாங்குத் துறைமுகத்தில் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுகை மூழ்கடித்தது, அதன் மாலுமிகளில் கைதானவர்கள் சிலர் சிங்கப்பூர் தாங்லினில் அடைக்கப்பட்டிருந்தார்கள். எம்டனின் பெயர் தாங்கி இன்று கிடைக்கும் வெள்ளிப் பதக்கங்களோ ஜெர்மானியருடையவை அல்ல. கப்பலில் இருந்து மீட்ட மெக்சிகோ வெள்ளி நாணயங்களைக் கொண்டு ஆஸ்திரேலியர், எம்டனை வீழ்த்திய தங்கள் சிட்னி கப்பலின் வீரர்களுக்காகச் செய்தவை. கிடைத்த இடமும் பொறித்த பெயரும்கூட ஒரு பொருளின் உரிமையாளரைத் தவறாகக் காட்டிவிடக்கூடும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. பினாங்கு வழியாக ஒரு பதக்கம் வந்திருக்கலாம் என்பது சாத்தியம். சாத்தியத்தைச் சான்றாக எடுத்துக்கொள்வது வரலாறு எழுதுவோர் செய்யக் கூடாத வேலை.

இப்போது, தொடக்கத்தில் சொன்ன கோல லங்காட் வட்டாரத்திலுள்ள கேரித் தீவைப் பார்ப்போம். லங்காட் ஆற்றால் நிலப்பரப்பிலிருந்து பிரிந்து, எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கி, மா மெரி பழங்குடியினரின் ஊர்களையும் தமிழ்த் தொழிலாளர் குடியிருப்புகளையும் ஒருங்கே கொண்ட தீவு அது. முன்பு ரப்பர், இன்று செம்பனை. அந்தத் தீவையும் அதைச் சூழ்ந்த கிள்ளான் வட்டாரத்தையும் போர்க்காலம் எவ்வாறு தொட்டது என்று பார்த்தால், பதக்கங்களின் கணக்கு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். ஜப்பானியர் வருவதற்கு முன்பே, 1941இல், ஆர்.எச். நாதன் முதலியோரின் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் பின்னணியில் தோட்டங்கள் வேலைநிறுத்தம் செய்தன. சீனத் தொழிலாளருக்கு இணையான கூலி, கள்ளுக்கடை மூடல், துரையைக் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்கும் கட்டாயத்துக்கு முடிவு என்பவை கோரிக்கைகள். நாதன் நாடு கடத்தப்பட்டார். இந்தியத் துருப்புகளைக் கொண்டே வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. இரண்டாண்டு கழித்து போஸ் மலாயா முழுதும் கூட்டங்களில் பேசியபோது தோட்டங்களிலிருந்து திரண்டவர்களின் உள்ளத்தில் இந்த ஒடுக்குமுறை பசுமையாக இருந்திருக்கும் என்று கொள்வதில் தவறில்லை. அதே ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்கு மலாயாவிலிருந்து ஏறத்தாழ 75,000 தொழிலாளர் கொண்டுபோகப்பட்டதாக மதிப்பீடுகள் சொல்கின்றன. பெரும்பாலோர் தோட்டத் தமிழர். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் இணைந்தபோது அவர்களில் மிகப் பலர் உயிரோடு இல்லை. பிறகு 1945 செப்டம்பர் 9 அன்று, தீவு அமைந்த அதே கோல லங்காட் மாவட்டத்தின் மோரிப் கடற்கரையில், பிரித்தானியர் மலாயாவை மீட்கத் திட்டமிட்ட ‘ஸிப்பர்’ நடவடிக்கையின் பகுதியாக 25ஆம் இந்திய டிவிஷன் கரையிறங்கியது.

இந்த நிகழ்வுகளைப் பதக்க விதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பர்மா நட்சத்திரத்துக்கான காலம் 1945 செப்டம்பர் 2 அன்று முடிகிறது. ஒரு வாரம் கழித்து மோரிப்பில் நடந்த கரையிறக்கம் தன்னளவில் அந்த நட்சத்திரத்தைப் பெற்றுத் தராது. 1941 வேலைநிறுத்தத்தில் நின்றவர்களுக்கு எந்த அரசிடமும் உலோகம் இல்லை. சயாமுக்குப் போனவர்கள் படைவீரர் அல்லர் என்பதால் கணக்கிலேயே வரவில்லை; காஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறை இருக்கிறது, அவர்களோடு அதே பாதையில் மடிந்த தமிழருக்கு அங்கே அப்படி எதுவும் இல்லை. இந்த இடத்தில் ஜெர்மானியச் சேவைப் பதக்கங்களில் ஒன்று நமக்கு வேறொரு பாடம் தருகிறது. 1934இல் ஹிண்டன்பர்க் ஏற்படுத்திய முதல் உலகப் போர்ச் சிறப்புச் சிலுவை மூன்று வகைப்படும்: போர்முனையில் நின்றவருக்கு வாள்களோடு, மற்றப் பணியாளருக்கு வாள்களின்றி, இறந்தவர்களின் மனைவிக்கும் பெற்றோருக்கும் கறுப்புப் பூச்சோடு. விண்ணப்பித்தவர்களின் தகுதியைச் சரிபார்த்து, சான்றிதழோடு வழங்கினார்கள். ஆசாத் ஹிந்த் விருதுகளில் வாள்கள் உள்ளவை, இல்லாதவை என்ற பிரிவும் இதே ஜெர்மானிய மரபிலிருந்து வந்ததுதான். அந்த அரசின் நோக்கங்களை நான் போற்றவில்லை. அடுத்த போருக்கு மக்களை அணியப்படுத்துவதும் அந்தச் சிலுவையின் பயன்களில் ஒன்றாக ஆனது. கவனிக்க வேண்டியது வேறு: ஒரு கைம்பெண்ணின் இழப்பைக்கூடப் பதிவேட்டில் ஏற்றும் இயந்திரம் அங்கே இருந்தது. சயாமில் கணவனை இழந்த தோட்டத்துப் பெண்ணுக்கு, இறந்த நாளைச் சொல்லும் ஒரு தாளைத் தரக்கூட எவரும் இல்லை.

மிகக் கடினமான மறுப்பு இனிமேல்தான் வருகிறது. ஆவணம் இல்லாதவர்களிடம் ஆவணம் கேட்பது கொடுமையல்லவா? சரணடையும் தறுவாயில் இந்திய தேசிய இராணுவத்தின் தாள்கள் பல அழிக்கப்பட்டன. 1945 ஜூலை 8 அன்று போஸ் அடிக்கல் நாட்டிய சிங்கப்பூர் நினைவுச் சின்னத்தையே திரும்பி வந்த பிரித்தானியர் அந்த ஆண்டு செப்டம்பரில் தகர்த்தார்கள். பிரித்தானிய இந்தியப் படையிலிருந்து வந்து சேர்ந்தவர்களை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று வகைப்படுத்திக் கோப்பு எழுதினார்கள். தோட்டத்திலிருந்து நேராகச் சேர்ந்தவர்களோ பெரும்பாலும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்கள் தண்டனையிலிருந்து தப்பியபோதே பதிவேட்டிலிருந்தும் தப்பிவிட்டார்கள். அப்படியிருக்க, தாளில்லாமல் பதக்கத்தை ஏற்கமாட்டோம் என்பது ஏழைகளின் வரலாற்றை இரண்டாம் முறை அழிப்பதாகாதா? இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் உணர்கிறேன். ஆனால் அது எதிர்த் திசையில் நம்மை இட்டுச்செல்ல வேண்டும் என்றே நினைக்கிறேன். ஆவணம் அரிதாக இருக்கும் இடத்தில், பெயரற்ற உலோகம் அதன் இடத்தை எளிதில் பிடித்துக்கொள்ளும். பிறகு கிடைத்த பொருளுக்கு ஏற்ப நினைவு வளைந்துகொடுக்கும். அயல் ஏலத்தில் வாங்கிய வீர்-இ-ஹிந்த் ஒரு வீட்டுக் கண்ணாடிப் பேழையில் ஏறினால், பத்தாண்டில் அது ‘தாத்தாவுக்குக் கொடுத்தது’ ஆகிவிடும். அவர் உண்மையில் சொன்ன முகாமின் பெயரும், நடந்து வந்த பாதையும், உடன் போய்த் திரும்பாதவர்களின் பெயர்களும் பின்னுக்குத் தள்ளப்படும். பதக்கம் வாங்குவதற்கு நேரெதிராக, அந்தப் பேச்சைப் பதிவு செய்வதுதான் அவர் சேவைக்குச் சான்று தேடும் வழி.

சான்று முற்றிலும் இல்லாமலும் போய்விடவில்லை. இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் அட்டையும் நன்கொடை ரசீதும், சீருடையில் எடுத்த குழுப்படமும், தற்காலிக அரசு காலத்துச் செய்தித்தாளும், தோட்ட அலுவலகத்தின் ‘செக்ரோல்’ என்ற தொழிலாளர் வருகைப் பதிவேடும் தனித்தனியே பார்த்தால் சாதாரணத் தாள்கள். ஒருவரின் பெயர் 1943 நடுவில் செக்ரோலிலிருந்து மறைந்து 1946இல் திரும்பி வருகிறது, வீட்டிலிருக்கும் படத்தின் பின்புறம் முகாமின் பெயர் இருக்கிறது, உடன் பணியாற்றிய இன்னொருவரின் வாய்மொழி அதோடு பொருந்துகிறது என்றால், எந்த வியன்னாப் பதக்கமும் தராத உறுதி அங்கே பிறக்கிறது. ஜான்சி ராணிப் படையின் துணைத் தலைமைப் பொறுப்பில் இருந்த ஜானகி ஆதி நாகப்பனின் சேவையை நாம் அறிந்திருப்பது அவருடைய சொந்த எழுத்தும் நேர்காணல்களும் படங்களும் இருப்பதால். 2000இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ அளித்தபோது அது ஏற்கெனவே நிறுவப்பட்ட வாழ்க்கைக்குக் கிடைத்த மரியாதை. கோலாலம்பூரில் வசதியான குடும்பத்தில் பிறந்த அவருக்கு அந்தச் சான்றுகள் வாய்த்தன. அவரோடு பர்மா வரை சென்ற தோட்டத்துப் பெண்களுக்கு வாய்க்கவில்லை. அந்தப் பெண்களைத் தேடும் வேலை பழம்பொருள் சந்தையில் நடக்காது. பழைய லயங்களிலிருந்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது தூக்கியெறியப்படாமல் தப்பிய தகரப் பெட்டிகளில் நடக்கும். கேரித் தீவின் தமிழ்ப் பள்ளிகளில் படித்த தலைமுறையின் முதியவர்களிடம் நடக்கும். பெற்றதைத் தேசிய ஆவணக் காப்பகத்தில் பதிவுசெய்வதில் முடியும்.

ஆசாத் ஹிந்த் விருதுகளைச் சேகரிக்கவே கூடாது என்பது இதன் பொருள் அன்று. ஒரு விடுதலைப் போராட்டம் தன் அரசுரிமையை வெளிக்காட்ட எவ்வளவு விரைவாக விருது, நாடா, படிநிலை என்று ஒழுங்கு செய்துகொண்டது, அதற்கு எந்த நாட்டுப் பட்டறையை நம்ப வேண்டியிருந்தது என்பதற்கு அவை முதல்தரச் சான்றுகள். அந்த அளவில் அவற்றை ஆராய்வோர் மலேசியத் தமிழரிடையே பெருக வேண்டும். காந்தமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் தராசும் அவர்கள் கையில் இருக்கட்டும். ஒரு கண்காட்சியில் அப்பொருளை வைக்க நேர்ந்தால் அதன் கீழே எழுத வேண்டிய குறிப்பும் தெளிவானது: ஆசாத் ஹிந்த் விருது, 1942இல் ஜெர்மனியில் நிறுவப்பட்டது, வியன்னாவின் சூவால் தொழிலகத்தில் செய்தது, போர்க்காலத்ததா மறுபதிப்பா என்பது ஆய்வுக்குரியது, பெற்றவர் பெயர் தெரியவில்லை. சேவையில் இருந்ததாக ஆவணமோ வாய்மொழியோ சொல்லும் தோட்டத் தொழிலாளர் பெயர்களுக்கு அதே கூடத்தில் வேறொரு சுவர் வேண்டும். பதக்கம் எதுவும் மாட்டாமல், ஒவ்வொரு பெயருக்கும் அருகில் அந்தப் பெயர் எந்தத் தாளிலிருந்து, யாருடைய வாயிலிருந்து வந்தது என்ற குறிப்போடு.